டேங்கை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க

ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ரேடியேட்டர் இருக்கிறதா என்று சென்னை ஜி.பி. ரோட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். கல்லாவில் சின்னப் பையன் உட்கார்ந்திருந்தால், “அது எந்தக் கம்பெனி வண்டி மேடம்?” என்பான். பெரியவர் இருந்தால் எழுந்தே வந்துவிடுவார். தான் ஓட்டிய ஹெரால்டு, தன் மச்சான் கல்யாணத்துக்கு வந்த ஹெரால்டு என்று கதை நீளும். காபிகூடக் கிடைக்கும். ரேடியேட்டர் கிடைக்காது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று தென்படும். ஆனால் அது நம்முடையதைவிடக் கேவலமாக இருக்கும். அதனால்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

இத்தனைக்கும் இது சீமையிலிருந்து கப்பலேறி வந்த கார் இல்லை. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் பிறந்தது. மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்து, பிரிட்டனில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளியான வண்டியை, 1961இலிருந்து இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் கட்டினார்கள். அறுபதுகளின் கடைசியில் நாலு கதவு வைத்தார்கள். 1972இல் கஸல் என்று புதுப் பெயரும் கொஞ்சம் புது உடம்பும் கொடுத்தார்கள். பிறகு 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அது எடுபடவில்லை. 1988இல் ஆலை நின்றுபோனது. என் மாமனார் வாங்கியது இரண்டு கதவு வண்டி. அது இன்றும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, அவ்வப்போது ஓடவும் செய்கிறது.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு கிடையாது. 2014 வரை அந்தக் கார் வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும். பியட் பத்மினிக்காரர்களும் இதுவரை தப்பித்தார்கள். மும்பை டாக்ஸிகள் ஓடும்வரை பத்மினி உதிரிபாகத்துக்குச் சந்தை இருந்தது. 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டுப் போய்விட்டது. இனி அவர்களும் மெல்ல என் வரிசையில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் லாஸ்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வண்டி சூடாகிறது என்றால் எனக்கு எரிச்சலோடு ஆர்வமும் வரும். பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது சின்னப் பங்குதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இன்ஜின் சுவரில் இறங்கி, அதைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் கலக்கும். அந்தச் சூட்டைத் தண்ணீரிடமிருந்து வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதுதான் ரேடியேட்டரின் வேலை. அதற்குப் பரப்பு வேண்டும். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 காருக்கு வில்ஹெல்ம் மேபாக் செய்த ரேடியேட்டரில் 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் இருந்தன. நூற்றாண்டு கடந்தும் தத்துவம் மாறவில்லை: தண்ணீரைச் சிறுசிறு பங்காகப் பிரி, ஒவ்வொரு பங்கின் மேலும் காற்றைப் படவிடு.

ஹெரால்டில் மேலே ஒரு பித்தளை டேங்க், கீழே ஒரு பித்தளை டேங்க். நடுவில் கோர்: தட்டையான பித்தளை ட்யூப்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு இடையில் மடித்து மடித்துச் செருகிய மெல்லிய செம்புத் தகடு. அந்தத் தகட்டைத்தான் பின் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஈயப் பற்று போட்டு ஒட்டியிருப்பார்கள். வாயில் ஸ்பிரிங் வைத்த மூடி. அந்த மூடி உள்ளே ஏழு பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் போயிருந்தாலே வண்டி கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் மூடியைப் பாருங்கள். அது சில நூறு ரூபாயோடு முடிகிற வேலை.

எங்கள் ஊரில் ரேடியேட்டருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எமன். வெளியே கடல் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி வருகிற வண்டியின் முகத்தில் விரலை வைத்து நக்கினால் கரிக்கும். அந்த உப்பு செம்புப் பின்னைப் பச்சை பூக்க வைத்துப் பொடியாக்கிவிடும். உள்ளே போர் தண்ணீர். கடலோரத்தில் உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடித் தண்ணீரில் உப்பு ஏறுகிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ட்யூப் சுவரிலும் படிகிறது. ஒரு மில்லிமீட்டர் படிந்தால்கூடப் பித்தளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவர் எழுப்பின மாதிரி. சூடு வெளியே வராது. இதோடு மஞ்சள் தூள். ஒழுகுகிற ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேருவது டிரைவர்மார்களின் பழைய வித்தை. ஓட்டையை அடைக்கும், உண்மைதான். எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று மஞ்சளுக்குத் தெரியாது. நல்ல ட்யூபையும் சேர்த்து அடைக்கும்.

சரி, போய்விட்டது. என்ன செய்யலாம்?

பிரிட்டனின் ஹெரால்டு 1959 முதல் 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார். அங்கே பழைய ட்ரையம்புகளுக்கென்றே பெரிய கடைகள் உண்டு. லிங்கன் ஊரில் ரிம்மர் பிரதர்ஸ் மாதிரி. வண்டலூரில் செய்த காருக்கு லிங்கனிலிருந்து சாமான் வரவழைப்பது வேடிக்கைதான். கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் வேடிக்கை நின்றுவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தெருவுக்கு ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீடு, அந்த வீட்டில் பாரிசில் ஒரு பிள்ளை. ஆகஸ்டு லீவில் வரும்போது பெட்டியில் கொண்டுவருவார்கள். கார்புரேட்டர் கிட், திறவுகோல் சாமான், ரப்பர் வளையம் என்றால் சிரித்த முகத்தோடு கொண்டுவருவார்கள். ரேடியேட்டர் என்றால் பெட்டியில் பாதி போய்விடும்; அம்மாவுக்கு வாங்கின சீஸும் வாசனைத் திரவியமும் எங்கே போவது? கேட்கவே கூச்சமாக இருக்கும். பிரெஞ்சுக் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழி உண்மையிலேயே உதவும். அவர்களிலும் சித்ரோன் 2சிவிக்காரர் கொடுத்துவைத்தவர். அந்த இன்ஜின் காற்றிலேயே குளிரும், ரேடியேட்டரே கிடையாது.

உள்ளூர் மெக்கானிக்குகள் சொல்கிற வழி வேறு. “மாருதி 800 ரேடியேட்டரை உட்கார வெச்சு, எலக்ட்ரிக் பேன் மாட்டிடலாம் மேடம். ஏசி மாதிரி இருக்கும்.” பலர் இப்படி ஓட்டுகிறார்கள், ஓடுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை, காரணம் பழமைப் பாசம் மட்டுமில்லை. மாருதியின் மூடி ஏறக்குறைய 13 பவுண்டு அழுத்தம் பிடிக்கும். ஏழு பவுண்டுக்குப் பழகிய ஓஸும் பம்ப் சீலும் அதைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. எலக்ட்ரிக் பேன் சுற்றினால் எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். ஹெரால்டின் டைனமோ நன்றாக இருக்கும் நாளிலேயே 20 ஆம்பியர் சுற்றித்தான் தரும், அதுவும் இன்ஜின் வேகமாக ஓடினால். இந்திரா காந்தி சதுக்கத்துச் சிக்னலில் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றால் பேட்டரிதான் காலி. இதுபோக, அதைப் பொருத்த முன்பக்கம் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டின தகட்டை யார் திருப்பித் தருவார்கள்?

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்க்காரர்களின் மேட்டுப்பாளையம் இல்லை, லாரிகள் நிற்கிற இடம். அந்தப் பக்கத்தில்தான் பாயின் பட்டறை. வாசலில் லாரி ரேடியேட்டர்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். உள்ளே ஒரு சிமென்ட் தொட்டி, காஸ் சிலிண்டர், நவச்சாரக் கட்டி, ஆசிட் ஜாடி, எத்தனையோ வருஷத்துக் கரி. பாய் ரேடியேட்டரை வாங்கி முதலில் பின்னைத் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தூள் விரலோடு வந்தது.

“ராடு விட்டாப் போதுமா பாய்?” என்றேன். ட்யூப் அடைத்திருந்தால் தட்டையான எஃகுக் கம்பியை ஒவ்வொரு ட்யூபாக விட்டுச் சுரண்டுவார்கள். செலவு குறைவு.

“ட்யூபுக்கு ராடு விடலாம் டீச்சரம்மா. பின்னுக்கு என்னத்த விடுறது? தொட்டாக் கொட்டுது பாருங்க. கோர் மாத்திடலாம். டேங்கை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த டேங்கை இனிமே எவனும் அடிச்சுத் தர மாட்டான்.”

அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன், முழுக்கச் சரி. ஒரு ரேடியேட்டரை ஹெரால்டு ரேடியேட்டர் என்று ஆக்குவது கோர் இல்லை. கழுத்து எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஓஸ் மாட்டுகிற வாய் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, வடிகிற குழாய் எங்கே இருக்கிறது, போல்ட் ஓட்டை எங்கே விழுகிறது என்பதெல்லாம் டேங்கிலும் பக்கத் தகட்டிலும்தான் இருக்கிறது. கோர் வெறும் பாளம். அகலம், உயரம், கனம், எத்தனை வரிசை ட்யூப் என்று நான்கு அளவைச் சொன்னால் எந்தக் காருக்கென்று கேட்காமலே செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் தேடிக்கொண்டிருந்தது கிடைக்காத சாமானை. உண்மையில் தேட வேண்டியது பாய் மாதிரி ஓர் ஆளை.

வரிசை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வழக்கு. இன்னொரு வரிசை சேர்த்துப் போட்டால் கூலிங் பிய்த்துக்கொள்ளும் என்றார் பாய். லாரிக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்களாம். ஆனால் முன்வரிசையைத் தாண்டி வருகிற காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும். பின்வரிசைக்குப் போகப் போகக் காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறையும், லாபமும் குறையும். அதோடு கனமான கோருக்குள் காற்றை இழுக்க அந்தப் பழைய பேனுக்குத் தெம்பு வேண்டும். பேன் இலைக்கும் கோருக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். “பழசுல எத்தனையோ அத்தனையே போடுங்க பாய்” என்றேன். “உங்க கிளாஸ்ல படிச்சிருந்தா நான் பாஸாகியிருக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கோர் வந்ததும் மேல் டேங்கைப் பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தீயை மடிப்பு ஓரமாக இழுத்துக்கொண்டே போனார். பற்று மினுங்கி, ஒரு கண்ணாடித் துளிபோல் உருண்டு விழுந்தது. இடுக்கியால் ஒரு தூக்கு. டேங்க் கையோடு வந்துவிட்டது. உள்ளே ட்யூப் வாய்கள் தெரிந்தன. பாதிக்கு மேல் வெள்ளையும் பழுப்புமாக அடைந்திருந்தது. ஒரு மூலையில் மஞ்சள் கறை. மாமனாரின் டிரைவர் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 200 டிகிரியை ஒட்டி இளகிவிடும். பித்தளை உருக 900 டிகிரி தாண்ட வேண்டும். இடையில் இருக்கும் அந்த 700 டிகிரிதான் பாயின் சோறு. டேங்குக்கு ஒரு சேதமும் இல்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரிக்கலாம், மறுபடி பற்று வைக்கலாம். இன்றைய கார் ரேடியேட்டரில் அலுமினியக் கோரின் ஓரத்தை மடக்கி ஒரு பிளாஸ்டிக் டேங்கைக் கவ்வ வைத்திருப்பார்கள். செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் என்றாலும், அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, விலையும் மலிவு. கார் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அதை ஒட்ட ஒரு பாயும் கிடையாது; தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். என் ஹெரால்டு பிழைத்தது ஐம்பதுகளின் பொறியாளர்கள் எளிதாக இளகும் பற்றை நம்பியதால்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று ஈயம். ரேடியேட்டர் பழுது பார்ப்பவர்களின் ரத்தத்தில் ஈயம் சேர்வது உலகம் முழுக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். புகையில் மட்டுமில்லை, தேய்க்கும்போது எழுகிற தூசியிலும், சட்டையோடு வீட்டுக்குப் போகிற அழுக்கிலும் வரும். பாய் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டுவதில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே டீ கிளாஸ். நான் ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். கையைக் கழுவாமல் பஜ்ஜி சாப்பிடாதீர்கள், பேரப்பிள்ளையை இந்தச் சட்டையோடு தூக்காதீர்கள் என்பேன். “இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலியே” என்பார். ஈயம் அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது.

பற்று வைத்து முடித்ததும் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். ஏழு பவுண்டு மூடிக்குப் பத்துப் பவுண்டு வரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஓரத்தில் கடுகு அளவில் குமிழி வந்தது. எடுத்துத் துடைத்து, ஆசிட் தொட்டு, இன்னொரு சொட்டு. மறுபடி அமுக்கினால் தண்ணீர் அசையவில்லை. பெயின்ட் அடிக்கும்போது பளபளவென்று இரண்டு கோட் அடிக்க வந்தார், தடுத்துவிட்டேன். கனமான பெயின்ட் பின்னுக்குப் போர்வை. மங்கலான கறுப்பு, மெல்லிசாக ஒரே கோட் போதும்.

மாட்டுவது ஹெரால்டில் சுகமான வேலை. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர்மேலேயே உட்கார்ந்து ஸ்பானர் பிடிக்கலாம். ஆனால் புது ரேடியேட்டரை இணைப்பதற்கு முன் இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் வழிகளைத் தலைகீழாகத் தண்ணீர் பாய்ச்சி அலச வேண்டும். என் வண்டியில் செம்மண் கரைசல் மாதிரி துரு வந்துகொண்டே இருந்தது. அலசாமல் மாட்டியிருந்தால் அத்தனையும் புதுக் கோரில் போய் உட்கார்ந்திருக்கும். ஓஸையும் கிளிப்பையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட்டை நம் ஊர் மெக்கானிக்குகள் கண்டால் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள், “நம்ம வெயிலுக்கு எதுக்கு?” என்று. 82 டிகிரி வந்தால் அது திறக்கத் தொடங்கி வழிவிடும். இன்ஜின் சீக்கிரம் சூடேறி ஒரே சூட்டில் நிற்பதற்குத்தான் அது இருக்கிறது. இருந்த இடத்தில் இருக்கட்டும்.

உள்ளே ஊற்றுவதற்குப் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர், அதோடு பச்சை நிறப் பழைய வகைக் கூலன்ட். புதுச்சேரியில் தண்ணீர் உறையப் போவதில்லை. கூலன்ட் ஊற்றுவது துருப் பிடிக்காமல் இருக்க. நீண்ட நாள் வரும் என்று விற்கிற புது வகைக் கூலன்ட் ஈயப் பற்றுக்கு ஒத்துவராது என்று பழைய கார்க்காரர்கள் பலரும் தவிர்க்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் அட்டையோ ரப்பரோ வைத்து மறையுங்கள். காற்று சுலபமான சந்தில் ஓடத்தான் பார்க்கும், கோருக்குள் போக அதை வற்புறுத்த வேண்டும்.

கோர் மாற்றினால் வண்டியின் அசல் தன்மை போய்விடாதா, பழைய கார் என்ற பதிவு கிடைக்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவத்தில் இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். எண்ணில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் ‘விஏ’ வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. விதியில் பெரிய மாற்றம் என்று எடுத்துச் சொல்லியிருப்பது சேசிஸ், பாடி, இன்ஜின். ரேடியேட்டர் கோர் அந்தப் பட்டியலில் இல்லை. தகட்டை வெட்டி வேறு ரேடியேட்டர் மாட்டியவர்தான் அதிகாரி முன்னால் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

கடைசியாகக் காசு. கோரின் விலை அன்றன்றைய செம்பு விலையோடு ஏறி இறங்கும் என்பதால் நான் தொகை சொல்லப்போவதில்லை. ஆனால் அதே கணக்குதான் நம் பழைய கோருக்கும். செம்பும் பித்தளையும் கலந்த அந்தப் பாளத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு. வேலை தொடங்குவதற்கு முன்பே, பழைய கோர் யாருக்கு என்று பேசிவிடுங்கள். நான் கேட்டபோது பாய் தராசை எடுத்து வைத்து, அழுக்குக்கும் உப்புக்கும் ஒரு கிலோ கழித்தார். அந்த ஒரு கிலோவில் பாதி மாமனாரின் டிரைவர் கொட்டின மஞ்சள் தூள், அதையும் எடையில் சேருங்கள் என்றேன். அரைக் கிலோ விட்டுக்கொடுத்து, மிச்சத்தைக் கூலியில் கழித்துக்கொண்டார்.